கொசுறுக்கு யார் காசு?

தமிழில் இருக்கும் நல்ல வார்த்தைகளில் ஒன்றைக் கொஞ்ச காலமாகக் கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வார்த்தை ‘சேமிப்பு’.

ஆன்லைனில் ஏதாவது வாங்கிப் பாருங்கள். மிக்ஸியோ, மேஜை விசிறியோ, பையனுக்கு ஒரு ஜோடி ஷூவோ. பணம் கட்டி முடித்ததும் பச்சை எழுத்தில் ஒரு பாராட்டுப் பத்திரம் வரும். ‘வாழ்த்துகள்! நீங்கள் 1,559 ரூபாய் சேமித்துவிட்டீர்கள்!’

எங்கே சார் அந்த 1,559? பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். எட்டாயிரத்துச் சொச்சம் போனதற்கு ஒரு வரி இருக்கும். வந்ததற்கு ஒரு வரியும் இருக்காது. செலவு செய்தவனைப் பார்த்து ‘சேமித்தாய்’ என்று சொல்வது, தடுக்கி விழுந்தவனைப் பார்த்து ‘நல்லா உட்கார்ந்தே’ என்று சொல்வது மாதிரி.

உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். நாலு கிரெடிட் கார்டு, மூணு வாலட், ரெண்டு கேஷ்பேக் ஆப். ‘இந்த பேங்க் கார்டுக்குப் பத்து பர்சென்ட், அதுக்கு மேல கூப்பன், அதுக்கு மேல கேஷ்பேக் சைட் வழியாப் போனா மூணு பர்சென்ட், ரிவார்டு பாயின்ட் தனி’ என்று லஞ்ச் டயத்தில் பாடம் எடுப்பார். நாலு பேர் சுற்றி நின்று வாயைப் பிளந்து கேட்பார்கள். போன தீபாவளி சேலில் அவர் வாங்கிய மூன்றாவது ஹெட்போன் டப்பா பிரிக்காமலேயே அலமாரியில் கிடக்கும். அதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர் செய்வது சட்ட விரோதம் இல்லை. அவர் போடும் கணக்கும் முக்கால்வாசி சரிதான். என் கேள்வி வேறு. அவருக்கு வந்த அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? யாருடைய பையிலிருந்து வந்தது? எண்ணெய் இல்லாமல் விளக்கு எரியாது. இவர் வீட்டு விளக்குக்கு யார் வீட்டு எண்ணெய்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பேச்சுக்கு ஒரு மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். சேல் விலை 10,000 ரூபாய். கூப்பன் போட்டால் 500 குறைகிறது. 9,500. பேங்க் கார்டுக்கு உடனடித் தள்ளுபடி 10 சதவிகிதம். ஆனால் யானை சைஸில் ‘10%’ என்று போட்ட அதே இடத்தில், எறும்பு சைஸில் ‘அதிகபட்சம் ரூ.750’ என்று போட்டிருக்கும். ஆக 8,750. கேஷ்பேக் சைட் வழியாகப் போயிருந்தால் 3 சதவிகிதம். பெரும்பாலும் ஜி.எஸ்.டி.யைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். 18 சதவிகித வரியைக் கழித்தால் 7,415. அதில் 3 சதவிகிதம் 222 ரூபாய். கடைசியாக கார்டு பாயின்ட் ஒரு சதவிகிதம், 87 ரூபாய். எல்லாம் போக 8,441.

நம் ஆபீஸ் நண்பர் என்ன சொன்னார்? 5, 10, 3, 1. மொத்தம் 19 சதவிகிதம். நிஜத்தில் கிடைத்தது 15.6. சதவிகிதங்களை அப்படியே கூட்டக் கூடாது. ஒவ்வொன்றும் அதற்கு முந்தையது கழிந்த மீதியின் மேல்தான் வேலை செய்யும். ‘அதிகபட்சம்’ என்ற பூட்டு இன்னொரு பக்கம். இதே ஆபரில் 30,000 ரூபாய்க்கு டி.வி. வாங்கினால், அந்தப் ‘பத்து’ சதவிகிதம் இரண்டரையாகச் சுருங்கிவிடும்.

சரி, 15.6 சதவிகிதம் என்ன கேவலமா? இல்லை. நல்ல தொகைதான். ஆனால் அது எல்லாமே கையில் வந்துவிட்டதா? 500-ம் 750-ம் உடனே கழிந்தது. அது நிஜம். மீதி 309 ரூபாய் இன்னும் ஆகாயத்தில் இருக்கிறது. கேஷ்பேக் சைட்டின் பணம், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்து, கடைக்காரர் ‘ஆமாம், இது உங்கள் மூலமாக வந்த விற்பனைதான்’ என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வரும். மாதக்கணக்கில் ஆகலாம். நடுவில் நீங்கள் வேறு ஏதோ ஒரு சைட்டில் எடுத்த கூப்பனைப் போட்டிருந்தால், ‘மன்னிக்கவும், டிராக் ஆகவில்லை’. பாயின்ட்டோ, குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால்தான் எடுக்க முடியும். அதற்குள் காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. குறைந்தது 5,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 தள்ளுபடி. உங்களுக்குத் தேவையான சாமான் 4,200 ரூபாய்க்குத்தான் வருகிறது. என்ன செய்வீர்கள்? ‘இன்னும் 800-க்கு ஏதாவது போட்டுக்கோ’ என்று வீட்டில் குரல் வரும். தேவையில்லாத ஒரு தோசைக்கல்லோ, நாலு டப்பா செட்டோ உள்ளே விழும். கட்டியது 4,500. அதாவது 300 ரூபாய் கூடுதலாகச் செலவழித்துவிட்டு, 500 ரூபாய் சேமித்ததாகப் பெருமை. இதற்குப் பெயர் கணக்கா, கண்கட்டு வித்தையா?

‘வட்டியில்லா ஈ.எம்.ஐ.’ பக்கம் வாருங்கள். இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது: பூஜ்ய சதவிகித வட்டி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. வட்டியை வேறு பெயரில் ஒளித்து வைக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அதன் பிறகு பெயர் ‘நோ காஸ்ட்’ என்று மாறியது. வேலை எப்படி நடக்கிறது? 10,000 ரூபாய் பொருளுக்கு ஆறு மாதத் தவணை. 15 சதவிகித வட்டி என்று வையுங்கள். வட்டி சுமார் 423 ரூபாய். அந்த 423-ஐ விலையில் முதலிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, பிறகு பேங்க் அதையே வட்டியாக வாங்கிக்கொள்ளும். உங்களுக்குச் செலவில்லை என்பார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டே! அது உங்கள் தலையில். 76 ரூபாய். பிராசஸிங் பீஸ் 199 என்றால், அதற்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. மொத்தம் 311 ரூபாய். ‘நோ காஸ்ட்’டுக்கு இவ்வளவு காஸ்ட்!

இனி விஷயத்துக்கு வருவோம்.

பி.காம். முதல் வருஷத்தில் அக்கவுன்டன்ஸி வாத்தியார் போர்டில் எழுதிப்போடும் முதல் சில பாடங்களில் ஒன்று, டிரேட் டிஸ்கவுன்டுக்கும் கேஷ் டிஸ்கவுன்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது. டிரேட் டிஸ்கவுன்ட் என்பது விலைப்பட்டியலில் இருக்கும் விலையிலிருந்து கழிப்பது. அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதவே மாட்டார்கள். ஏனென்றால் அந்தப் பட்டியல் விலை சும்மா ஒரு பேச்சு விலை. கேஷ் டிஸ்கவுன்ட் வேறு. கடனுக்குச் சரக்கு எடுத்தவர் கெடுவுக்கு முன்னாலேயே ரொக்கமாகக் கட்டினால், ‘பரவாயில்லை, நாணயஸ்தன்’ என்று இரண்டு சதவிகிதம் குறைத்து வாங்கிக்கொள்வது. அது கணக்குப் புத்தகத்தில் ஏறும். காரணம், அது நிஜமான பணம்.

இப்போது இந்தக் கேஷ்பேக் கூத்தைப் பாருங்கள். ரொக்கம் கொடுப்பவனுக்குக் கிடைத்துவந்த பரிசு, கடன் சொல்பவனுக்குப் போய்விட்டது. கையில் காசோடு வருகிறவன் முழு விலை கொடுக்கிறான். அடுத்த மாதம் தருகிறேன் என்று கார்டைத் தேய்ப்பவன் குறைந்த விலையில் வாங்குகிறான். வியாபார தர்மம் தலைகீழாக நிற்கிறது. பெயர் மட்டும் ‘கேஷ்’பேக்!

ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆக வேண்டும். இரட்டைப் பதிவு முறையின் அரிச்சுவடி அது. நம் நண்பரின் வரவுக்கு யார் யார் பற்று?

முதல் ஆள் கடைக்காரர். நீங்கள் கார்டைத் தேய்த்தால், அவருக்கு முழுப் பணம் போகாது. ஏறக்குறைய 2 சதவிகிதத்தை பேங்க்குகளும் கார்டு கம்பெனியும் பங்கு போட்டுக்கொள்ளும். அதில் பெரிய துண்டு உங்களுக்குக் கார்டு கொடுத்த பேங்க்குக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு கிள்ளு கிள்ளித்தான் உங்களுக்குப் பாயின்ட். கடைக்காரர் தர்ம சத்திரமா நடத்துகிறார்? அந்த 2 சதவிகிதத்தை விலையில் ஏற்றி வைத்துவிடுவார். எல்லாருக்குமான விலையில்.

ஆதாரம் வேண்டுமா? ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் இந்தக் கமிஷனுக்குக் கடிவாளம் போட்டது. ஒரு கார்டு பேங்க் எடுத்துக்கொள்ளும் கட்டணம் டெபிட் கார்டுக்கு 0.2 சதவிகிதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவிகிதம், அதற்கு மேல் கூடாது என்றது. ஆஸ்திரேலியா 2003-லேயே குறைத்தது. இரண்டு இடத்திலும் கார்டுகளின் பரிசு மழை தூறலாகிவிட்டது. குழாயை அடைத்ததும் தொட்டி காய்ந்தது என்றால், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

நம் ஊர் யு.பி.ஐ. கதையும் அதுதான். 2017-ல் கூகுள் ‘தேஸ்’ என்ற பெயரில் வந்து இறங்கியபோது, கார்டைச் சுரண்டினால் ரூபாய் கொட்டியது. நாடே சுரண்டியது. அதெல்லாம் நம்மைப் பழக்குவதற்குப் போட்ட தீனி. பழகிவிட்டோம். 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ.க்குக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அப்புறம் சுரண்டினால் என்ன வருகிறது? ‘அடுத்த முறை அதிர்ஷ்டம்’ என்று வருகிறது. இல்லாவிட்டால் நமக்குச் சம்பந்தமேயில்லாத ஏதோ ஒரு கம்பெனியின் கூப்பன் வருகிறது.

இரண்டாவது ஆள், கார்டு பாக்கியை முழுசாகக் கட்ட முடியாதவர். நம் நண்பர் மாதாமாதம் பைசா பாக்கியில்லாமல் கட்டிவிடுகிறார், சந்தோஷம். அவருக்குப் பக்கத்து சீட்டில் இருக்கும் இளைஞன், அவர் சொன்ன பாடத்தைக் கேட்டுக் கார்டு வாங்கியவன், ‘மினிமம் டியூ’ என்று போட்டிருக்கும் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறான். மாதம் 3.5 சதவிகிதம் வட்டி என்றால் வருஷத்துக்கு 42. நம் மிக்ஸிக்கே பாருங்கள்: 8,750 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 306. அதற்கு ஜி.எஸ்.டி. 55. ஆக 361. ஐந்தாவது மாதத்தில் அந்த 1,559 ரூபாய் ‘சேமிப்பு’ மொத்தமும் காலி. இதில் இன்னொரு கொடுமை, பாக்கி வைத்துவிட்டால் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

இந்த வட்டிக்கு ஓர் உச்சவரம்பு இருக்க வேண்டாமா? 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. பேங்க்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 2024 டிசம்பரில் அந்தத் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்றாகிவிட்டது. மீட்டர் வட்டிக்காரனை போலீஸ் பிடிக்கும். 42 சதவிகிதத்துக்கு வாங்குகிறவர் ஏசி ரூமில் உட்கார்ந்து, ‘உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு கார்டு ரெடியா இருக்கு சார்’ என்று போன் போடச் சொல்வார்.

மூன்றாவது ஆள்தான் முக்கியமானவர். கார்டே இல்லாதவர்.

இந்தியாவில் புழங்கும் கிரெடிட் கார்டுகள் 2024-ல்தான் 10 கோடியைத் தாண்டின. ஒருவரே நாலு கார்டு வைத்திருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், கார்டு இருக்கும் ஆட்கள் அதைவிடக் குறைவு. நாட்டின் ஜனத்தொகை 140 கோடி. மீதிப் பேர்? அதே மிக்ஸியை, அதே நாளில், அதே சைட்டில், வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா ரொக்கம் கொடுத்து வாங்கினால் என்ன விலை? கூப்பன் போடத் தெரிந்தால் 9,500. தெரியாவிட்டால் 10,000. வீட்டு வாசலில் பணம் வாங்க அதற்கென்று தனிக் கட்டணம் போட்டாலும் போடுவார்கள். மாதம் லட்ச ரூபாய் சம்பாதிப்பவருக்கு 8,441. வீட்டுக்கு வீடு பாத்திரம் தேய்த்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்தவருக்கு 10,000. இதைத்தான் நாம் ‘ஸ்மார்ட் ஷாப்பிங்’ என்கிறோம்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்த பொருளாதார நிபுணர்கள் 2010-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ரொக்கத்தில் செலவழிக்கும் ஒரு சராசரிக் குடும்பம், கார்டில் செலவழிக்கும் குடும்பங்களுக்காக வருஷத்துக்கு 149 டாலர் தன் பையிலிருந்து கொடுக்கிறது. கார்டுக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 1,133 டாலர் கிடைக்கிறது. ஏழை கொடுக்கிறான், வசதியுள்ளவன் வாங்கிக்கொள்கிறான். ஊரிலுள்ள உண்டியலைத் திருப்பி வைத்த மாதிரி.

நம் வீடுகளில் தினமும் நடக்கும் ஒரு விஷயம். ‘தம்பி, ஒரு போன் வாங்கணும், உங்க கார்டுல போட்டா குறையுமாமே, வாங்கிக் குடுங்க, காசை ரொக்கமா குடுத்துடறேன்’ என்று வேலை செய்யும் அக்கா கேட்பார். தம்பியும் வாங்கித் தருவார். தள்ளுபடி அக்காவுக்கு. சரி. பாயின்ட்டும், பிறகு வந்து சேரும் கேஷ்பேக்கும்? அது தம்பிக்கு. அதைப் பற்றி அக்காவுக்குத் தெரியாது. தம்பியும் சொல்லமாட்டார். உங்கள் வீட்டில் அப்படி நடந்திருந்தால், அந்தக் காசைத் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

கொசுறு என்று ஒன்று நம்மிடம் உண்டு. காய்கறிக்காரம்மா அரைக் கிலோ கத்திரிக்காய் நிறுத்துப் போட்டுவிட்டு, ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் சொருகுவார். அது அவர் கூடையிலிருந்து வருகிறது. நம் கண் முன்னால் வருகிறது. கேட்டவர் எல்லாருக்கும் வருகிறது. நீ எந்த பேங்க் என்று கேட்பதில்லை. கேஷ்பேக்கும் கொசுறுதானே என்பவர்களுக்கு என் பதில்: இல்லை. இது, எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரின் பையிலிருந்து கறிவேப்பிலையை எடுத்து என் பையில் போடும் வியாபாரம்.

‘இதெல்லாம் ரொம்ப ஓவர் சார். நான் வாங்காமல் விட்டால் அந்த அம்மாவுக்கு விலை குறைந்துவிடுமா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. குறையாது. நீங்கள் ஒருவர் கார்டைத் தூக்கிப் போட்டால் பேங்க்குக்குத்தான் லாபம். அதனால் தள்ளுபடியை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் அதற்குச் ‘சேமிப்பு’ என்றும் ‘புத்திசாலித்தனம்’ என்றும் பெயர் வைக்காதீர்கள். வாங்கத் தெரியாதவரை ‘ஏமாளி’ என்று சிரிக்காதீர்கள். அவர் ஏமாந்ததில்தான் உங்கள் 222 ரூபாய் இருக்கிறது.

‘இல்லை, தள்ளுபடிப் பணமெல்லாம் கம்பெனிகளின் விளம்பர பட்ஜெட்’ என்பது இன்னொரு வாதம். கொஞ்சம் உண்மை. விற்றுக் கொடுத்ததற்குக் கடைக்காரர் தரும் தரகில் ஒரு பங்கைத்தான் கேஷ்பேக் சைட் உங்களுக்குத் தருகிறது. ஆனால் அந்தத் தரகும் விலையில்தானே உட்கார்ந்திருக்கிறது? கூப்பன் தேடித் தரும் ‘ஹனி’ என்ற இலவச சாப்ட்வேரை பேபால் கம்பெனி 2019-ல் சுமார் 400 கோடி டாலருக்கு விலை பேசியது. இலவசமாகக் கொடுக்கும் ஒரு சாமானுக்கு இந்த விலை எப்படி வந்தது? நாம் என்ன வாங்குகிறோம், எப்போது வாங்குகிறோம், எங்கே தயங்குகிறோம் என்ற விவரத்துக்கு வந்த விலை அதில் இருக்கிறது. 2024 டிசம்பரில், இருக்கும் நல்ல கூப்பனை அது காட்டுவதில்லை, மற்றவர்களுக்குப் போக வேண்டிய தரகைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது என்று ஒரு யூட்யூபர் குற்றம் சாட்ட, வழக்குகள் கிளம்பின. விதிப்படிதான் நடக்கிறோம் என்றது கம்பெனி.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தாத்தா உண்டு. 1896-ல் ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்ற கம்பெனி ஆரம்பித்த பச்சை ஸ்டாம்ப். கடையில் வாங்கும் தொகைக்கு ஏற்ப ஸ்டாம்ப் தருவார்கள். புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துக் கொடுத்தால் டோஸ்டரோ, விளக்கோ கிடைக்கும். நாடே நாக்கால் நக்கி ஒட்டிக்கொண்டிருந்தது. 1966-ல் டென்வர் நகர இல்லத்தரசிகள் ரோட்டுக்கு வந்து சூப்பர் மார்க்கெட்டுகளைப் பகிஷ்கரித்தார்கள். விலைவாசி பற்றிய அவர்கள் கோபத்தில் இந்த ஸ்டாம்புக்கும் பங்கு உண்டு. ‘எங்களுக்குப் பரிசு வேண்டாம், பண்டத்தின் விலையைக் குறை’ என்பதுதான் அதன் சாரம். அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்களுக்குப் புரிந்தது, பட்டம் வாங்கிய நமக்கு இன்னும் புரியவில்லை.

காரணம், கார்டு நம் மூளையை மந்தமாக்குகிறது. எம்.ஐ.டி. பேராசிரியர்கள் ட்ரேசன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. டிக்கெட் தீர்ந்துபோன ஒரு கூடைப்பந்துப் போட்டிக்கான டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். பாதிப் பேரிடம் ரொக்கம்தான் தர வேண்டும் என்றார்கள். மீதிப் பேரிடம் கார்டு என்றார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்கள் கேட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 10 சதவிகிதம் திருப்பித் தருகிறேன் என்பவன் ஏன் சிரித்துக்கொண்டே தருகிறான் என்று இப்போது தெரிகிறதா?

அரசாங்கம் சும்மா இருக்கிறதா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 2014 அக்டோபர் 6-ம் தேதி ப்ளிப்கார்ட் தன் முதல் மெகா சேலை நடத்தியபோது, விலையை ஏற்றிவிட்டுக் குறைத்தார்கள் என்று ஜனங்கள் கொதித்தார்கள். மறுநாளே நிறுவனர்கள் மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் கழித்து, 2023 நவம்பரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. ‘இன்னும் ரெண்டே பீஸ்தான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நமக்குத் தெரியாமல் கூடையில் ஒரு சாமானைச் சேர்ப்பது, கடைசித் திரையில் புதுக் கட்டணம் முளைப்பது எல்லாம் அதில் உண்டு. 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் நீங்களே உங்களைத் தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்று கம்பெனிகளிடம் சொன்னது. பரீட்சை பேப்பரை மாணவனே திருத்திக்கொள்ளட்டும் என்கிற மாதிரிதான்.

என்ன செய்ய வேண்டும்? ஐரோப்பாவில் 2022 மே மாதம் முதல் ஒரு விதி. தள்ளுபடி என்று விளம்பரம் செய்தால், அதற்கு முந்தைய குறைந்தது 30 நாளில் அந்தப் பொருள் விற்ற மிகக் குறைந்த விலை என்ன என்று பக்கத்திலேயே போட வேண்டும். எம்.ஆர்.பி.யில் 60 சதவிகிதம் தள்ளுபடி என்ற ஜிகினா வேலையெல்லாம் அங்கே எடுபடாது. எம்.ஆர்.பி. என்பது கம்பெனிக்காரன் தானே எழுதிக்கொள்வது. பட்டியல் விலை வெறும் பேச்சு விலை என்று அக்கவுன்டன்ஸி வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? அந்த 30 நாள் விதி இங்கேயும் வேண்டும். இரண்டாவது, கார்டுக்குத் தரும் தள்ளுபடியை ரொக்கத்துக்கும் யு.பி.ஐ.க்கும் ஏன் தரவில்லை என்று கம்பெனிகளைக் கேட்க வேண்டும். கடைக்காரருக்குச் செலவே வைக்காத வழியில் பணம் கட்டுகிறவருக்கு விலை குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? தெருமுனைக் கடைக்காரர் ‘கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்’ என்று சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அவர்தான் உள்ள கணக்கை வாயைத் திறந்து சொல்கிறார். விதி அதற்கு இடம் தராமல் இருக்கலாம். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

அரசாங்கம் செய்கிறவரை நம் பங்குக்குச் சிலது:

பொருளை முதலில் முடிவு செய்யுங்கள், ஆபரை அப்புறம் பாருங்கள். வரிசை மாறினால் பர்ஸ் கிழியும்.

சேல் வருவதற்கு ஒரு மாதம் முன்பே விலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

கையில் வந்து சேரும் வரை கேஷ்பேக்கையும் பாயின்ட்டையும் பூஜ்யம் என்றே கணக்கில் எழுதுங்கள். உடனடியாகக் கழிந்த தொகை மட்டும்தான் தள்ளுபடி.

கார்டு பாக்கியை முழுசாகக் கட்ட முடியாத மாதத்தில் கார்டைத் தொடாதீர்கள். 42 சதவிகித வட்டியை ஜெயிக்கும் கூப்பன் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கேஷ்பேக் வந்திருக்கிறது, பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையேயில்லை. பணம் போவதற்குத்தான் அது.

ஏமாற்றப்பட்டால் ‘போனா போகுது, இருநூறு ரூபாய்தானே’ என்று விடாதீர்கள். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915. கூப்பிட்டுப் புகார் செய்யுங்கள். அவர்கள் பிழைப்பே நாம் விட்டுவிடுகிற அந்த இருநூறுகளில்தான் ஓடுகிறது.

கடைசியாக, அந்த 1,559 ரூபாயை நிஜமாகவே சேமிக்க ஒரு வழி இருக்கிறது. வாங்கிய அன்றைக்கே, கையில் கழிந்துவிட்ட 1,250 ரூபாயை எடுத்து போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யிலோ, உங்கள் சேமிப்புக் கணக்கிலோ போடுங்கள். மீதி 309 வந்து சேர்ந்தால் அதையும் போடுங்கள். பாஸ்புக்கில் ஒரு வரவு வரி ஏறும். அப்போது சொல்லிக்கொள்ளுங்கள், சேமித்தேன் என்று.

போட முடியவில்லையா? பணம் ஏற்கெனவே வேறு எதற்கோ போய்விட்டதா? அப்படியானால் நீங்கள் சேமிக்கவில்லை சார். செலவழித்திருக்கிறீர்கள். பாராட்டுப் பத்திரத்தோடு.